வேற்றுமொழிப் படம் + அதோடு சேர்ந்த ராத்திரிச் சாப்பாடு: மாமனார் மாமியாரோடு பார்க்க எதைப் போடுவது, எதைச் சமைப்பது?

கோவைக்காரி:

இந்த வருடத்திலிருந்து மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு வேற்றுமொழிப் படம் பார்ப்பது என்று ஆரம்பித்திருக்கிறோம். ஆரம்பித்தது நான், அதனால் பழியும் என் தலையில்தான். சும்மா படத்தைப் போட்டால் அரை மணி நேரத்தில் ஆளாளுக்குப் போனைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். படத்தில் வருகிற சாப்பாட்டையே அன்றைக்கு ராத்திரிக்குச் செய்தால் அந்த ஆசையிலாவது உட்காருவார்கள் என்று நினைத்தேன்.

போன மாதம் 'டம்போபோ' போட்டேன். ஜூஸோ இடாமி எடுத்த 1985ஆம் வருடத்து ஜப்பானியப் படம், கணவனை இழந்த ஒரு பெண் தன் ராமென் (ஜப்பானிய நூடுல்ஸ் சூப்) கடையைத் தூக்கி நிறுத்துகிற கதை. ராமென் கதைக்கு ராமென்தானே செய்ய வேண்டும்? காளான் சூப் எல்லாம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் எட்டுப் பேர் என்பதால் நூடுல்ஸை முன்னாடியே வேகவைத்து வைத்துவிட்டேன், அது ஊறி ஊறிக் கடைசியில் சேமியா உப்புமா மாதிரி ஆகிவிட்டது. மறுபடி வேகவைக்க நான் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, வெள்ளைக் கோட்டுக்காரரும் அவர் காதலியும் பச்சை முட்டையின் மஞ்சள் கருவை வாய்க்கு வாய் மாற்றிக்கொள்கிற காட்சி ஹாலில் ஓடியிருக்கிறது. எங்கள் வீட்டில் முட்டையே வாங்குவதில்லை. அத்தை திடீரென்று அடுப்படிக்கு வந்து "ஏதாவது நறுக்கித் தரட்டுமா" என்று கேட்டபோதே எனக்குச் சந்தேகம். மாமா அப்புறம் "படம் நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றார், அது இன்னும் மோசம்.

இந்தத் தடவை ஆறு பேர்தான். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பையனுக்குப் பதினொரு வயது. எனக்குச் சனிக்கிழமையும் நாலு மணி வரை ஆபீஸ். செலவு ஆயிரம் ரூபாய்க்குள் இருந்தால் நல்லது. முக்கியமாக, நானும் படம் பார்க்க வேண்டும். ஜப்பான்தான் என்றில்லை, எந்த நாடானாலும் சரி. இப்படிச் செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

ஒரு டிக்கெட்:

இதற்குப் போய் யோசிப்பீர்களா, 'பாரசைட்' என்ற கொரியப் படத்தைப் போடுங்கள். அதில் வருகிற ஜாபகுரி நூடுல்ஸ் செய்ய மொத்தமே பத்து நிமிடம்தான். ஜாபகெத்தி ஒரு பாக்கெட், நியோகுரி ஒரு பாக்கெட் (இரண்டும் கொரிய இன்ஸ்டன்ட் நூடுல்ஸ்), இரண்டையும் ஒன்றாக வேகவைத்து மசாலாவைக் கலந்தால் முடிந்தது. படத்திலேயே முதலாளியம்மா எட்டு நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று போனில் சொல்லித்தான் செய்யச் சொல்வார்.

மாசிக்கருவாடு:

அவர் முதல் பதிவிலேயே சைவம் என்று எழுதியிருக்கிறார், ஐயா. நியோகுரி கடலுணவு மசாலா. அதுகூடப் பரவாயில்லை, படத்தில் அந்த நூடுல்ஸின் மேல் விலை உயர்ந்த மாட்டிறைச்சியைப் போடுவதில்தான் விஷயமே இருக்கிறது, ஏழை நூடுல்ஸுக்குப் பணக்கார முடி சூட்டுகிறார்கள். அதை எடுத்துவிட்டுப் பனீர் போட்டால் காட்சியே போய்விடும். அப்புறம், அந்த நூடுல்ஸ் காலியாகிக் கொஞ்ச நேரத்தில் முதலாளியும் மனைவியும் நெருங்குகிற சோபா காட்சி வருமே, ஞாபகம் இருக்கிறதா? முட்டைக்குத் தப்பியவர் சோபாவில் போய் விழவா?

கோவைக்காரி, நான் நாலு வருடமாக இதைச் செய்கிறேன், பட்ட அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் ராமென் தோற்றதற்கு நூடுல்ஸ் மட்டும் காரணமில்லை. சப்டைட்டில் ஓடுகிற படத்தில் கண் முழுக்கத் திரையின் அடிவரியில் இருக்கும், தட்டைப் பார்க்க நேரமே கிடையாது. ஆகவே பார்த்துச் சாப்பிட வேண்டிய எதுவும் கூடாது: முள் உள்ள மீன், சூடான சூப், குச்சியில் எடுக்கிற நூடுல்ஸ், எதுவும். படம் ஓடும்போது கையில் தடவிப் பார்த்து எடுத்து வாயில் போடக்கூடியது மட்டும். சாப்பாடு என்பது படம் முடிந்த பிறகு. அதுவும் ஒரே ஒரு பண்டம், படத்தில் அது எங்கே வருகிறதோ அதற்காக மட்டும். விருந்து வைக்கப் போனால் நீங்கள் படம் பார்க்க மாட்டீர்கள்.

உங்கள் வீட்டுக்கு என்று யோசித்தால் எனக்கு ஒரே படம்தான் தோன்றுகிறது. யாசுஜிரோ ஓஸுவின் 1952ஆம் வருடத்துப் படம், ஜப்பானியப் பெயர் 'ஓச்சாஸுகே நோ அஜி'. ஓச்சாஸுகே என்றால் சோற்றில் பச்சைத் தேநீரை ஊற்றிச் சாப்பிடுவது, அஜி என்றால் சுவை. கறுப்பு வெள்ளை, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தோக்கியோவில் ஒரு பணக்கார வீட்டு மனைவி, கிராமத்துப் பழக்கம் போகாத கணவன். அவர் ரயிலில் மூன்றாம் வகுப்பில் போகப் பிடிக்கும், மட்டமான சிகரெட் பிடிக்கும், சோற்றில் சூப்பை ஊற்றிச் சத்தம் போட்டு உறிஞ்சுவார். அந்தம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. தோழிகளோடு வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போய், குளத்தில் மந்தமாகத் திரிகிற ஒரு கெண்டை மீனைக் காட்டி இதுதான் என் வீட்டுக்காரர் என்று சிரிக்கிற ஆள். கடைசியில் ஒரு ராத்திரி வேலைக்காரப் பெண் தூங்கிவிட, புருஷனும் பெண்சாதியும் தங்கள் வீட்டு அடுப்படிக்குள்ளேயே எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடவித் தடவி, ஆறிப்போன சோற்றையும் ஊறுகாயையும் கண்டுபிடித்து, தேநீர் ஊற்றிச் சாப்பிடுவார்கள். அவ்வளவுதான் காட்சி. எனக்குத் தெரிந்து சினிமாவில் அதைவிட நல்ல சாப்பாட்டுக் காட்சி கிடையாது, யாராவது சண்டைக்கு வந்தால் வரட்டும்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதையும் உண்டு. ஓஸு இதைப் போர்க் காலத்திலேயே எழுதிவிட்டார். அதில் கணவன் போருக்குப் புறப்படுகிறான். போர்முனைக்குப் போகிறவனுக்குக் காராமணி மாதிரிச் சிவப்புப் பயறு போட்ட மங்களச் சோறு வைக்காமல் தேநீர்ச் சோறா என்று தணிக்கைக்காரர்கள் முறைத்ததால் அந்தப் படம் அப்போது நின்றுபோனது. 1952இல் எடுத்தபோது போரைத் தூக்கிவிட்டு, கம்பெனி வேலையாக உருகுவேக்கு அனுப்பிவிட்டார். ஒரு கிண்ணம் சோற்றுக்காகத் தணிக்கையில் சிக்கிய படம் வேறு இருக்குமா தெரியவில்லை.

சமையல் என்று பெரிதாக எதுவுமில்லை. பச்சரிசிச் சோறு, கொஞ்சம் குழைய. அடிச்சாறுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து கிராம் கொம்பு (காய்ந்த கடற்பாசிப் பட்டை, ஆன்லைனில் கிடைக்கும்), நாலைந்து காய்ந்த ஷீட்டாக்கே காளான், முதல் நாள் ராத்திரியே ஃபிரிட்ஜில் ஊறப் போட்டுவிடுங்கள். மறுநாள் சூடு செய்து, கொதி வருவதற்கு முன் கொம்பை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கொழகொழப்பும் ஒரு கசப்பும் இறங்கும். உப்பு, ஒரு சொட்டு சோயா சாஸ். அதில் பாதி, பச்சைத் தேநீர் பாதி. மேலே வறுத்த எள், நோரித் துண்டு (தாள் மாதிரிக் காய வைத்த கடற்பாசி), ஊறுகாய். அங்கே மொறுமொறுப்புக்கு அரிசி மாவுப் பொரி மாதிரி ஒன்று தூவுவார்கள், நம் அரிசிப்பொரியை வெறும் வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டிப் போட்டால் போதும்.

ஜப்பானில் அடிச்சாறு பெரும்பாலும் காய்ந்த சூரை மீனைச் சீவித்தான் எடுப்பார்கள். அவித்து, புகை போட்டு, கட்டை மாதிரிக் காய வைத்தது. தூத்துக்குடிக்காரர்களும் இலங்கைக்காரர்களும் இதைப் படித்ததும் "அட, நம்ம மாசி" என்பார்கள். என் பெயருக்குக் காரணம் அதுதான். உங்கள் வீட்டுக்கு அது ஆகாது, கொம்பே போதும். 1908இல் கிகுனாயே இகேதா என்ற வேதியியல் பேராசிரியர் அடிச்சாற்றின் ருசிக்குக் காரணமான உப்பைப் பிரித்தெடுத்ததே கொம்பிலிருந்துதான். நாம் ஓட்டலில் திட்டிக்கொண்டே சாப்பிடுகிற அஜினமோட்டோ அதிலிருந்து வந்தது.

காடைக்காரன்:

மேலே சொன்ன 'ஒரே ஒரு பண்டம்' என்பதற்கு நான் சாட்சி. இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் 'பாபெட்ஸ் ஃபீஸ்ட்' போட்டேன். டென்மார்க் படம், 1987, காப்ரியேல் ஆக்ஸல் எடுத்தது, ஆஸ்கர் வாங்கியது. பாரிஸிலிருந்து தப்பி வந்து ஒரு கடலோரக் கிராமத்தில் இரண்டு வயதான சகோதரிகளுக்குச் சமைத்துப் போடுகிற பெண், லாட்டரியில் விழுந்த பத்தாயிரம் ஃபிராங்கையும் பன்னிரண்டு பேருக்கு ஒரே ஒரு விருந்து வைத்துச் செலவழித்துவிடுகிறாள். ஆமை சூப், பிளினி (குட்டித் தோசை மாதிரி), மாவுக் கூட்டுக்குள் வைத்த காடை, அப்புறம் ரம் ஊறிய கேக். ஆமையை விட்டுவிட்டேன் (சட்டப்படியும் ஆகாது, மனசுப்படியும் ஆகாது). காடைதான் நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறதே என்று பன்னிரண்டு காடையோடு இறங்கினேன். முதல் காடைக்கும் கடைசிக் காடைக்கும் நடுவில் இரண்டரை மணி நேரம். விருந்தாளிகள் படம் முடிந்து கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறார்கள், நான் கை நிறைய மைதாவோடு "என்ன ஆச்சு, ஜெனரல் வந்துட்டாரா" (படத்தில் விருந்துக்கு வருகிறவர்) என்று கேட்கிறேன்.

பிறகுதான் உறைத்தது. அந்தப் படத்தில் முதல் பாதி முழுக்க அந்த ஊர்க்காரர்கள் தின்பது காய்ந்த மீனும், பழைய ரொட்டியைப் பீரில் கரைத்துக் காய்ச்சிய கஞ்சியும். விருந்தின் அருமை அந்தக் கஞ்சியைத் தின்றவனுக்குத்தான் தெரியும். இப்போது மறுபடி போட்டால் இடைவேளைக்கு ஆளுக்கு ஒரு கிண்ணம் ரொட்டிக் கஞ்சி கொடுத்துவிட்டு, காடையைக் கடையிலிருந்து வறுத்ததாக வாங்கி வந்துவிடுவேன்.

நிஷிகாசாய் வாசி:

தோக்கியோவில் பத்து வருடமாக இருக்கிறேன், அந்தத் தைரியத்தில் கொஞ்சம் திருத்தம். மாசிக்கருவாடு சொன்ன முறை சரிதான், ஆனால் தேநீரை அவர் ஒரே வார்த்தையில் தாண்டிப் போய்விட்டார், கெட்டுப்போகிற இடமே அதுதான். பச்சைத் தேயிலையில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் கஷாயம் மாதிரிக் கசக்கும், முதல் வாயிலேயே உங்கள் மாமியார் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவார். கொதித்த தண்ணீரை இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு, 80 டிகிரி வாக்கில் ஊற்றி, ஒரு நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். இதெல்லாம் தொல்லை என்றால் ஹோஜிச்சாவாகப் பண்ணிவிடுங்கள். தனியாக வாங்க வேண்டாம், சாதாரணப் பச்சைத் தேயிலையை எண்ணெய் இல்லாத வாணலியில் சிறு தீயில் பழுப்பாக வறுத்தால் அதுதான் ஹோஜிச்சா. கொதிக்கிற தண்ணீரையும் தாங்கும், வாசம் சுக்குக் காப்பி, வறுத்த கடலை என்று நமக்குப் பழகிய பக்கம் இருக்கும். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதுதான் இறங்கும்.

புழுங்கலரிசி மட்டும் வேண்டாம். அதன் வாசனை தேநீரை அமுக்கிவிடும்.

ஊறுகாய்க்கு இங்கே உமேபோஷி வைப்பார்கள், ஒரு புளிப்புக் காயை உப்பில் போட்டுச் சுருங்க வைத்தது. அதற்கு மாற்றாகக் கடையில் எதையும் தேடாதீர்கள், வீட்டில் மாவடு இருந்தால் எடுத்து வையுங்கள். ருசி ஒன்றல்ல, ஆனால் வாய்க்குச் செய்கிற வேலை ஒன்றுதான். எண்ணெய் மிதக்கிற ஆவக்காய் வகையறா வேண்டாம். படத்தில் அந்தம்மா எடுப்பது நுகாஸுகே, அரிசித் தவிட்டில் உப்புப் போட்டுப் புளிக்க வைத்து அதற்குள் காய்களைப் புதைத்து வைப்பது. தினமும் கையை விட்டுக் கிளற வேண்டும், கையில் அந்த வாடை ஒட்டிக்கொள்ளும். அந்தக் காட்சியில் அவர்கள் அந்தக் கையை முகர்ந்து பார்ப்பதைக் கவனியுங்கள். வேலைக்காரப் பெண் தினமும் செய்வதை வீட்டு எஜமானி முதல் தடவையாகத் தொட்டுப் பார்க்கிறாள் என்பது அந்த வாடையில்தான் இருக்கிறது, சப்டைட்டிலில் வராது.

கடையில் ஓச்சாஸுகே பொடிப் பாக்கெட் கிடைக்கும், நாகதானியென் கம்பெனி அதை விற்க ஆரம்பித்ததும் இதே 1952இல்தான். ஆனால் சைவம் என்றால் பின்பக்கம் படிக்காமல் வாங்காதீர்கள், இந்த மாதிரிப் பொடிகளில் மீன் சாறு சேர்ந்திருப்பது சகஜம். வசாபி என்று குழாயில் வருவதிலும் பெரும்பாலும் குதிரைமுள்ளங்கியும் பச்சை நிறமும்தான், அதற்குக் காசு போடாதீர்கள்.

இன்னொன்று, கியோட்டோ பக்கம் விருந்தாளியைப் பார்த்து "ஓச்சாஸுகே சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டால் "நேரமாச்சு, கிளம்புங்க" என்று அர்த்தம் என்று ஒரு பேச்சு உண்டு. இதை அத்தையிடம் படத்துக்கு முன்னால் சொல்லிவிடாதீர்கள்.

கோவைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. படம் முடிவாகிவிட்டது. இரண்டு சந்தேகம். டீயைச் சோற்றில் ஊற்றிக் கொடுத்தால் அத்தை என்னை என்ன நினைப்பார் என்பது ஒன்று, அதை நானே பார்த்துக்கொள்கிறேன். அந்த அடுப்படிக் காட்சி வரும்போதே படத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிடலாமா, இல்லை முழுக்க முடித்துவிட்டா? ஏழு மணிக்குப் போட்டால் முடிய ஒன்பது ஆகும், பையன் பசி தாங்க மாட்டான்.

மாசிக்கருவாடு:

நிறுத்தாதீர்கள். அந்தக் காட்சிக்குப் பிறகும் படம் இருக்கிறது, நடுவில் கிண்ணம், கரண்டி என்று எழுந்தால் திரும்ப வந்து உட்கார மாட்டார்கள். பையனுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டுக் கையில் கொடுங்கள். ஜப்பானில் குளிர்காலத்தில் தெருவில் வண்டியில் விற்பதே அதுதான், பார்க்காமலே தின்னலாம், ஒட்டியும் வராது.

நிஷிகாசாய் வாசி:

எனக்கு இதில் உடன்பாடில்லை. அவர்கள் சோற்றை வாயில் வைக்கிறபோதே இவர்களும் வைத்தால்தானே அது வேலை செய்யும்? பத்து நிமிடம் கழித்துச் சாப்பிட்டால் அது வெறும் ராத்திரிச் சாப்பாடு. சோறு, எள், நோரி எல்லாவற்றையும் கிண்ணத்தில் முன்பே போட்டு மூடி வைத்துவிட்டு, தேநீரை ஃபிளாஸ்கில் ஊற்றி ஹாலிலேயே வைத்துக்கொண்டால் யாரும் எழ வேண்டியதே இல்லை. அந்தக் காட்சியில் பேச்சும் குறைவுதான்.

கோவைக்காரி:

நேற்று நடந்து முடிந்தது, சொல்லிவிடுகிறேன்.

ஃபிளாஸ்க் யோசனைதான் எடுத்துக்கொண்டேன். ஹோஜிச்சா வறுக்கும்போதே மாமா "என்னம்மா காப்பிக்கொட்டை வறுக்கிறியா" என்று எட்டிப் பார்த்தார், வாசம் அவருக்குப் பிடித்துவிட்டது. மொத்தச் செலவு எழுநூற்றுச் சொச்சம், அதில் கொம்பும் காளானும்தான் பாதிக்கு மேல், இன்னும் மீதியும் இருக்கிறது.

தரையில் பாய் விரித்துத்தான் உட்கார்ந்தோம். திட்டம் போட்டுச் செய்யவில்லை, மாமாவுக்கு முதுகு வலி, சோபா ஒத்துவரவில்லை. ஆனால் படம் ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் அவரே "இந்தக் கேமராவும் நம்மளோட பாய்லதான் உக்காந்திருக்கு போல" என்றார். ஓஸு பற்றி நான் படித்த கட்டுரைகள் எல்லாம் அதைத்தான் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன!

நடுவில் கொஞ்சம் தொய்வுதான், பொய் சொல்ல மாட்டேன். பையன் கிழங்கைத் தின்று முடித்துவிட்டுத் தூங்கிவிட்டான். என் வீட்டுக்காரர் சப்டைட்டிலைத் தமிழில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டி, உருகுவே வந்த இடத்தில் விட்டுவிட்டார், அதற்கு மேல் யாரும் கேட்கவுமில்லை. அடுப்படிக் காட்சி வந்ததும் நான் கிண்ணங்களைத் திறந்து ஊற்ற ஆரம்பித்தேன். அத்தை முதலில் வாங்கவே இல்லை. திரையில் அந்தம்மா எந்த டப்பாவில் எது என்று தெரியாமல் முழிக்கிறதைப் பார்த்துவிட்டு "சொந்த வீட்டு அடுப்படி தெரியலையாக்கும்" என்று ஒரு சிரிப்பு, அப்புறம் தானாகவே கையை நீட்டினார். இரண்டு மாவடுவை நசுக்கிப் போட்டுக்கொண்டு, ஒரு வாய் சாப்பிட்டு, "புளி விடாத ரசஞ்சோறு" என்றார். கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டால் தேவலை என்றும் சொன்னார், போட்டுக்கொண்டார். மாமா அந்தக் கணவனை மாதிரியே சத்தமாக உறிஞ்சினார். அவர் எப்போதும் அப்படித்தான், நேற்றுத்தான் அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

நான் முழுப் படமும் பார்த்தேன்.

காலையில் அத்தையே அடுத்த மாதம் என்ன படம் என்று கேட்டார். எந்த நாடு என்றாலும் சரியாம், முட்டை வருகிறதா என்று மட்டும் நான் முதலிலேயே தனியாகப் பார்த்துச் சொல்லிவிட வேண்டுமாம்.

ஊறிய கொம்பும் காளானும் ஒரு கிண்ணம் கிடக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

நிஷிகாசாய் வாசி:

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மெல்லிசாக நறுக்கி, சோயா சாஸ், சர்க்கரை, ஒரு சொட்டு வினிகரோடு சிறு தீயில் தண்ணீர் வற்றும் வரை சுண்டவிடுங்கள். கொம்பு மிருதுவாக அரை மணி நேரமாவது ஆகும். இறக்கும்போது எள். த்ஸுகுதானி என்பார்கள் இங்கே, ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும், தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு பாருங்கள்.